முதல் சோறு கடைசித் தெருவில்

புதிதாக ஒரு வருஷ ஊழியத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். மறைமாவட்ட இளைஞர் பணி ஆபீசில் இப்போது பொறுப்பில் இருக்கிற சின்னச் சாமியார்தான் கேட்டார். நல்லவர். வேகமானவர். நம்மிடம் பேசும்போதே போனையும் பார்ப்பார்.

"ஒரு பக்கம் போதும்கா. பழைய சங்கடம்லாம் வேணாம். பசங்க உற்சாகமா கெளம்பணும்."

சரி என்றேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். உற்சாகமாக ஒன்றும் வரவில்லை. கோபம்தான் வந்தது. வந்ததை எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது.

என் பேர் அமலோற்பவம். வில்லியனூர் பக்கத்துக் கிராமம். எட்டாவதோடு நின்றவள். தையல் மிஷினில் உட்கார்ந்து பாவாடை அடித்துக்கொண்டிருந்தேன். பெண்ணை ஒரு வருஷம் கோயில் வேலைக்கு விடு என்று அப்பாவிடம் கேட்டார்கள். அவரும் சரியென்றார். ஒரு வருஷம் என்று போனவள் தலை நரைத்துத்தான் திரும்பினேன். அதில் வருத்தம் இல்லை. போன வருஷம் சால்வை போட்டு, கேக் வெட்டி, ஓய்வு கொடுத்தார்கள்.

பயிற்சி பெரிதாக இல்லை. பாட்டு, விளையாட்டு, பைபிளைப் படித்துவிட்டு எப்படிக் கேள்வி கேட்பது, இவ்வளவுதான். ஊருக்குப் போனதும் கூட்டம் போடக்கூடாது. பசங்கள் பந்து ஆடுகிற இடத்தில் போய் உட்கார வேண்டும். அவர்களாகப் பேச்சுக் கொடுக்கும் வரைக்கும் பைபிளைப் பையை விட்டு எடுக்கக்கூடாது. பெண் பிள்ளைகளை வரச்சொல்வதற்கு முன் அவர்கள் அம்மாக்களிடம் போய்ச் சொல்ல வேண்டும். இதெல்லாம் அப்போது அந்த ஆபீசில் பொறுப்பில் இருந்த டைரக்டர் சாமி சொல்லிக்கொடுத்தது.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியாக, உயரமாக இருப்பார். சத்தம் போட்டே கேட்டதில்லை. யார் வந்து நின்றாலும் முதல் கேள்வி, "சாப்ட்டியா?" அதற்கப்புறம்தான் மற்றது. பேசும்போது கைக்குட்டையை நாலாக மடிப்பார், பிரிப்பார், மறுபடி மடிப்பார். அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. அனுப்புகிற நாளில் எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னார்.

"எந்த ஊருக்குப் போனாலும் மொத சோறு கடைசித் தெருவுல. காலனியில கடைசி வூடு எதுவோ, அங்க. அங்க துன்னுட்டு ஊர்த்தெருவுக்கு வா. ஊர்த்தெருவுல துன்னுட்டு அங்க போனியானா, வேடிக்கை பாக்க வந்தவன்னு நெனப்பாங்க. அப்பால நீ வருஷம் பூரா பைபிள் சொன்னாலும் காதுல ஏறாது."

ஒருத்தன் கேட்டான், "அங்க துன்னுட்டு வந்தோம்னு ஊர்த்தெருவுல சோறு போடலன்னா, சாமி?"

"பட்டினி கெட. தவக்காலத்துக்கு முன்பணம் கட்டின மாதிரி."

எல்லாரும் சிரித்தோம். நானும் ஊர்த்தெருப் பெண்தான். அதுவரைக்கும் எந்தக் காலனியிலும் தண்ணி வாங்கிக் குடித்ததில்லை.

பொங்கல் முடிந்த கையோடு என்னைப் பாகூர் பக்கம் ஒரு கிராமத்துக்கு அனுப்பினார்கள். ஊர் பேர் எழுதவில்லை. கோயில் ஊர்த்தெருவில் இருக்கும். வாய்க்காலைத் தாண்டி, கரும்பு வயலைத் தாண்டி, காலனி. இரண்டு பக்கமும் வேதக்காரர்கள்தான். ஒரே கோயில்தான். உட்காரும் இடம்தான் வேறே.

பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வாய்க்காலைத் தாண்டினேன். கடைசி வீட்டில் ஒரு அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தது. பேர் சூசையம்மா.

"யாருமா நீ?"

"கோயில்ல அனுப்பினாங்க. பசிக்குதும்மா."

"ஏன், ஊர்ல யாரும் சோறு போடலியா?"

"அங்க இன்னும் போவலம்மா."

அந்த அம்மா முறத்தைக் கீழே வைத்தது. அப்புறம் பாயை உதறிப் போட்டது. கருவாட்டுக் குழம்பு. மகன் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மதலைமுத்து. கரும்பு லோடு ஏற்றுகிற வேலை. சட்டை முழுக்கக் கரும்புச் சோகைத் தூள்.

"பாத்து ஊத்தும்மா. அக்கா காரம் தாங்காது. கண்ல தண்ணியோட ஊருக்குள்ள போச்சின்னா நாம அடிச்சோம்னு பஞ்சாயத்து வெச்சிடுவாங்க."

"த்தூ, வாயைப் பாரு," என்றது அம்மா. நான் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினேன்.

நான் ஊர்த்தெருவுக்குப் போய்ச் சேருவதற்குள் சேதி போய்ச் சேர்ந்திருந்தது. கோயில் நாட்டாமை வீட்டு அம்மா வாசலிலேயே நிறுத்திச் சொன்னார், "அங்க கை நனைச்சிட்டியாமே. அப்ப வயிறு ரொம்பியிருக்கும்." உள்ளே வா என்று சொல்லவில்லை. கோயில் பக்கத்துச் சாமான் அறையில் படுத்துக்கொண்டேன். ரொம்ப நாளைக்குச் சோறு காலனியிலிருந்துதான் வந்தது. டைரக்டர் சாமி சொன்னது சரியாகத்தான் இருந்தது. காலனிப் பிள்ளைகள் கேட்காமலே வந்தார்கள். ஊர்த்தெருப் பிள்ளைகள் கோபித்துக்கொண்டு நின்றார்கள், அப்புறம் பந்து ஆட வந்தார்கள், அப்புறம் பாட்டுக்கும் வந்தார்கள்.

தவக்காலம் வந்தது. பெரிய வெள்ளிக்கிழமை அந்த ஊரில் சிலுவைப்பாதையை ஆட்கள் நடித்துக்கொண்டே தெருவில் போவார்கள். சேசுவாக யார் வருவது என்பதற்கு அங்கே ஒரு வழக்கம். பனஞ்சட்டத்தில் செய்த சிலுவை ஒன்று உண்டு. நல்ல கனம். அதைத் தோளில் வைத்துக்கொண்டு கோயிலை மூன்று சுற்று வர வேண்டும். நடுவில் இறக்காதவன்தான் சேசு. வருஷா வருஷம் நாட்டாமை மகன்தான். ஏனென்றால் ஊர்த்தெருப் பையன்களை மட்டும்தான் தூக்கவிடுவார்கள்.

டைரக்டர் சாமியைப் போய்க் கேட்டேன். "எல்லாரும் தூக்கிப் பாக்கட்டும்," என்றார்.

எல்லாரும் தூக்கினார்கள். நாட்டாமை மகன் மூன்றாவது சுற்றில் மாதா கெபிகிட்டே இறக்கிவிட்டான். மதலை கரும்புக் கட்டு தூக்குகிறவன். மூன்று சுற்று வந்து, "இன்னொரு சுத்து போவட்டாக்கா?" என்று கேட்டான். பெண் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். சிரித்திருக்க வேண்டாம்.

நாட்டாமை மகனுக்குப் படைவீரன் வேஷம் கொடுத்தோம். வாங்கிக்கொண்டான்.

சாட்டை செய்கிற வேலை என்னுடையது. எப்படிச் செய்வது என்று சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். வாழைமட்டையைக் கிழித்து ஊறவைத்து, நாரை உருவி, மெத்தென்று ஆகும் வரைக்கும் தட்ட வேண்டும். தளர்வாகப் பின்ன வேண்டும். முனையில் முடிச்சு போடக்கூடாது. முடிச்சு இருந்தால் தோலில் படும். பின்னினதைச் சிவப்புச் சாயத் தண்ணியில் நனைத்துக் கையில் கொடுக்க வேண்டும். அடித்தால் முதுகில் சிவப்புக் கோடு விழும், வலி இருக்காது. அந்தச் சாட்டைக்குச் சத்தமும் வராது. சத்தத்துக்கு ஒருத்தன் கூட்டத்துக்குப் பின்னால் பலகையில் செருப்பால் அடிப்பான். வீரன் கை ஓங்குவதைப் பார்த்து அடிப்பான். அவ்வளவும் ஒத்திகை பார்த்தோம். நன்றாக இருந்தது.

பெரிய வெள்ளி மத்தியானம். வெயில். தெரு நிறைய சனம். காலனிப் பெண்கள் அந்தத் தெருவில் வேலைக்கு இல்லாமல் வந்து நின்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சூசையம்மா முன்வரிசையில் நின்றது. நான் சாயத் தண்ணி வாளியோடு ஓரமாக நின்றேன்.

சிலுவையை மதலை தோளில் வைத்தார்கள். சட்டை இல்லாத முதுகு. வீரன் கை ஓங்கினான். பலகைச் சத்தம் வந்தது. அதற்கு ஒரு இமைப்பொழுது முன்னால் இன்னொரு சத்தம் வந்தது. சன்னமாக, விர்ரென்று.

நான் பின்னின சாட்டைக்குச் சத்தம் கிடையாது.

மறுபடியும் ஓங்கினான். மறுபடியும் விர்ரென்றது. வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே போனேன். வாழைநாருக்குள்ளே நைலான் கயிறு. கிணற்றில் தண்ணி சேந்துகிற கயிறு. முனையில் முடிச்சு. முதுகில் இருந்தது சாயம் மட்டும் இல்லை.

சனம் அழுதது. என்னமா நடிக்கிறான் பார் என்று ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தது. நான் உள்ளே புகுந்து வீரன் கையைப் பிடித்தேன். பின்னால் யாரோ கேட்டது காதில் விழுந்தது, "இது யாரு, சேசு மொகம் தொடைக்க வர்ற வெரோணிக்காவா? துணி இல்லாம வருது?"

"கயிறைக் குடு," என்றேன்.

அவன் சிரித்தான். "நடிப்புக்கா. உண்மையாட்டம் இருக்க வாணாமா?"

"குடுடா."

மதலை குனிந்தபடியே பேசினான். மூச்சு வாங்கியது. "அக்கா, நீ போ. நான் எறக்குனா தூக்க முடியாம எறக்குனான்னுதான் சொல்வாங்க. நான் முடிச்சிடறேன்."

கயிற்றைப் பிடுங்கி முந்தானையில் சுருட்டிக்கொண்டேன். மதலை நடந்தான். விழ வேண்டிய இடத்தில் விழுந்தான், எழ வேண்டிய இடத்தில் எழுந்தான். சிலுவையை இறக்கவே இல்லை. கோயில் வாசல் வரைக்கும் போய், அறைகிற இடத்தில் தானாகவே படுத்தான். படுக்கும்போது மட்டும் பல்லைக் கடித்தான்.

சூசையம்மா பார்த்துவிட்டது. அழவில்லை. என்னிடம் வந்து, "நீ அன்னிக்கு மொதல்ல ஊர்லயே துன்னிருக்கலாம் தாயி," என்றது.

சுகாதார நிலையத்தில் நர்சம்மா என்ன காயம் என்று கேட்டார். "லோடு எறக்கறப்ப கரும்பு கீறிடுச்சி," என்றான் மதலை. நான் வாயைத் திறப்பதற்குள் என் கையை அழுத்தினான். மறுநாளும் அந்த ஊரில் வாழ வேண்டியவன் அவன்.

காலை முதல் பஸ்ஸில் புதுச்சேரி. ஆபீஸ். டைரக்டர் சாமி மேஜைக்குப் பின்னால் இருந்தார்.

"சாப்ட்டியாமா?"

கயிற்றை மேஜைமேல் வைத்தேன். நாருக்குள்ளே சிவப்பு காய்ந்து கறுப்பாகியிருந்தது. நடந்ததைச் சொன்னேன். கைக்குட்டையை மடித்தார், பிரித்தார். மடித்தார்.

"அந்தப் பையன் எப்படி இருக்கான்?"

"குப்புறப் படுத்திருக்கான், சாமி. நாட்டாமையைக் கூப்பிட்டுக் கேளுங்க. கோயில்ல எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வாணாம்."

"கேக்கறேன்மா. நாளைக்கு ஈஸ்டர். ஈஸ்டர் முடியட்டும்."

ஈஸ்டர் முடிந்தது. மாதா திருவிழா முடியட்டும் என்றார். அதுவும் முடிந்தது. பள்ளிக்கூடம் திறக்கட்டும் என்றார். பிறகு ஆயர் வருகை. பிறகு அவருக்கே மாற்றல் வந்தது. போகிற நாளில் என்னைக் கூப்பிட்டார். "சாப்ட்டியாமா?" என்று கேட்டார்.

கெட்டவர் இல்லை அவர். காலனிச் சோற்றைச் சாமியார்களிலேயே முதலில் சாப்பிட்டவர் என்று மற்றவர்கள் சொல்வார்கள். எனக்குக் கோபமே அதுதான். கெட்டவர் செய்திருந்தால் இவ்வளவு நாள் வலிக்காது. அந்தச் சட்டத்தைச் சொல்லி எங்களை அனுப்பியவர் அவர். சோறு போட்ட வீட்டுப் பிள்ளையை அடித்தபோது நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊரில் கூட்டம் போட்டு ஒரு முடிவு எடுத்தார்கள். இனிமேல் சிலுவைப்பாதையில் நாடகம் கிடையாது. நாடகத்தை நிறுத்தினார்கள். அடித்தவனை ஒன்றும் கேட்கவில்லை. அவன் அடுத்த ஞாயிறு கோயிலில் பைபிள் வாசகம் படித்தான்.

மதலை அந்த ஊரைவிட்டு எங்கள் பக்கம் வந்துவிட்டான். கொத்து வேலை கற்றுக்கொண்டான், கல்யாணம் கட்டினான், வீடு கட்டினான். சூசையம்மாவைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டான். அது போய்ச் சேர்ந்தபோது நானும் மண் போட்டேன். மதலைக்கு ஒரே மகள், ரீட்டா. காலேஜ் முடித்துவிட்டது. என்னை அத்தை என்று கூப்பிடும். இந்த வருஷம் ஊழியத்துக்குப் பேர் கொடுத்தது.

எனக்குச் சந்தோஷம்தான். அனுப்புகிற விழாவுக்குப் போனேன். எல்லாருக்கும் ஒரே கலரில் பனியன். பேனர். மைக்கில் யார் யாருக்கு எந்த ஊர் என்று வாசித்தார்கள். மத்தியானச் சாப்பாடு அந்தந்த ஊரில் கோயில் நிர்வாகம் பார்க்கிற பங்குப் பேரவைக்காரர்கள் வீட்டில் ஏற்பாடு ஆகியிருக்கிறது, யாரும் கவலைப்பட வேண்டாம் என்றும் சொன்னார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

ரீட்டாவுக்கு அந்த ஊர் விழுந்தது. அதே ஊர். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. தெரிந்து செய்ய இப்போது ஆபீசில் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்.

இரண்டு நாளில் ரீட்டா என் வீட்டுக்கு வந்தது. "ஊரு இல்லியாம் அத்தை. ஆபீசுலயே இருக்கணுமாம். கம்ப்யூட்டர் வேலையாம். நான் இன்னா தப்பு பண்ணேன்?"

சின்னச் சாமியாரிடம் போனேன்.

"அந்த ஊர்ப் பேரவையில கொஞ்சம் சங்கடப்படறாங்கக்கா. அந்தப் பொண்ணோட பாதுகாப்புக்குத்தான்."

"யாரு போன் பண்ணது, சாமி?"

"துணைத் தலைவர். லிஸ்ட்ல அந்தப் பொண்ணோட அப்பா பேரைப் பாத்துட்டாராம்."

பேர் சொன்னார். அந்தப் படைவீரன்தான். இப்போது பேரவையில் துணைத் தலைவர். நடந்ததைச் சொன்னேன். சாமியார் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். முகம் வாடிவிட்டது. அது பொய்யில்லை. அப்புறம் சொன்னார்.

"நான் பேசறேன்கா. அங்க திருவிழா வருது. முடியட்டும்."

எழுந்து வந்துவிட்டேன்.

மதலை வேலை முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தான். இன்றைக்கும் வீட்டில்கூடச் சட்டை போட்டுத்தான் இருப்பான், எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும். விஷயத்தைச் சொன்னேன்.

"நீ இன்னா சொல்ற? உன் பொண்ணு."

"எனக்கு அனுப்ப இஷ்டம் இல்லக்கா. ஆனா நான் வாணாம்னா அவன் வாணாம்னதும் நான் வாணாம்னதும் ஒண்ணாயிடும்." துண்டால் கையைத் துடைத்தான். "நீ கூடப் போவியா?"

"கால் வலிக்குதுன்னு நெனச்சியா?"

"இல்ல, கருவாட்டுக் காரம் இப்ப தாங்குவியான்னு கேட்டேன்."

ரீட்டா சிரித்தது. அதற்கு முழுக் கதையும் தெரியும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்பா முதுகைப் பார்க்காத மகளா.

போன சனிக்கிழமை போனோம். பஸ் நிற்கிற இடம் மாறியிருக்கிறது. இப்போது கோயில் வாசலிலேயே நிற்கிறது. துணைத் தலைவர் கெபிகிட்டே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பந்தல் வேலை நடந்துகொண்டிருந்தது. தொப்பை விழுந்துவிட்டது. என்னை அடையாளம் தெரிந்தது.

"அட, அமலா அக்கா. எவ்ளோ நாளாச்சி. வாங்க, வூட்டுல காபி சாப்ட்டுப் போலாம்."

"வரோம். மொதல்ல அந்தத் தெரு."

அவர் ரீட்டாவைப் பார்த்தார். பனியனைப் பார்த்தார். "இது யாரு பொண்ணு?"

நான் சொல்வதற்குள் அதுவே சொன்னது. "மதலைமுத்து பொண்ணுங்க. இந்த வருஷம் இங்கதான் இருக்கப் போறேன்."

அவர் பந்தல்காரனைப் பார்த்துக் கட்டு சரியில்லை என்று ஏதோ சொன்னார்.

வாய்க்காலுக்கு இப்போது பாலம் இருக்கிறது. கரும்பு பாதிதான் இருக்கிறது, மீதி மனை போட்டுவிட்டார்கள். கடைசி வீடு சூசையம்மா வீடு இல்லை, அதற்கப்புறமும் வீடுகள் வந்துவிட்டன. கடைசிவரைக்கும் நடந்தோம். கடைசி வீட்டில் ஒரு பெண் கம்பெனி வேலைக்குப் போய்விட்டு வந்து பையைக்கூட இறக்கவில்லை. மேரி என்று பேர்.

"கோயில்ல அனுப்பினாங்களா?" என்றது.

"அனுப்பல. நாங்களா வந்தோம். பசிக்குதுமா," என்றேன்.

"ஐயோ, சொல்லிட்டு வந்திருக்கக் கூடாதாக்கா? கொழம்பு நேத்து வெச்சதாச்சே."

"நேத்து வெச்சதுதான் ருசி. போடு."

தட்டு வைத்தது. உட்கார்ந்தோம். முதல் வாய் வைத்திருப்பேன், போன் அடித்தது. நாங்கள் தெருக்கோடிக்கு வருவதற்குள் ஊர்த்தெருவிலிருந்து ஆபீசுக்குச் சேதி போய்விட்டது. அந்த வேகம் மட்டும் இந்த ஊரில் மாறவே இல்லை.

"அக்கா, இன்னாக்கா இது," என்றார் சின்னச் சாமியார். "அந்தப் பொண்ணைக் கூட்டிக்கினு கெளம்புங்க, ப்ளீஸ். நான்தான் பேசறேன்னு சொன்னேன்ல?"

"சாப்ட்டுக்கினு இருக்கோம் சாமி," என்றேன். "முடியட்டும்."

போனைக் கவிழ்த்து வைத்தேன். ரீட்டா தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டது.